தூக்க மாத்திரை கேட்டு வரும் செவிலியர்கள்

வீடு வீடாகப் போய், இனிக் குணமாகாது என்று அனுப்பப்பட்ட நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் செவிலியர்கள் சமீபகாலமாக என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். "சார், வேற ஒண்ணும் இல்ல. தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது. ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க" என்பார்கள். விசாரித்தால், அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பது தெரியவரும். வேலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த பிறகே பெரும்பாலோர் டாக்டரிடம் வருகிறார்கள்.

அவர்கள் பார்க்கும் வேலை

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே நோய் ஆதரவு சேவை போய்ச் சேருவதற்கு அது பெரிய துணை. எங்கள் தேனி மாவட்டத்தில் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் விடியுமுன்னே ஜீப் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் நிறைய. பகலில் நோயாளிக்குத் துணை வயதான தாய் மட்டுமே. வாய்ப் புற்று கன்னத்தைத் துளைத்துவிட்ட ஒருவருக்குக் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, நாற்றம் அடங்க மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, மறுபடி கட்டுப்போட வேண்டும். வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்பின் மாத்திரை தர வேண்டும் என்பதை அந்தத் தாய்க்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும்: "சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது." விடிந்தால் துட்டிச் செய்தி. அன்றைக்குப் பார்க்க வேண்டிய மற்ற வீடுகள் அப்படியே காத்திருக்கும்.

இப்படி வேலையே ஆளை வற்றவைப்பதற்குப் பணிச்சோர்வு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலைமீது வெறுப்போ ஒட்டாத்தன்மையோ வருவது, 'நம்மால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம். அதை நோய் என்று அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. ஆகவே மருந்தை மட்டும் நம்பிப் பயனில்லை.

நம்பக்கூடாதவை

"சாவைப் பார்த்துப் பார்த்துப் பழகிரும்." பழகாது. மரத்துப்போகும். நோயாளியின் பெயர் மறந்து 'அந்த கேன்சர் வீடு' என்று பேச ஆரம்பித்தால், அதுதான் முதல் எச்சரிக்கை.

"சாவுதான் இவர்களை உடைக்கிறது." நான் கேட்டவரை அப்படி இல்லை. வலியில்லாமல் போன ஒருவரின் மரணம் அவர்களுக்கு ஆறுதலைக்கூடத் தருகிறது. மார்பின் தீர்ந்துபோய் நோயாளி கத்துவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்த்த நாள்தான் அவர்களைத் தூங்கவிடுவதில்லை. "மார்பின் கொடுத்தா சீக்கிரம் போயிருவாங்க" என்று சொந்தக்காரர்கள் மாத்திரையை ஒளித்துவைப்பதும் அப்படித்தான். சரியான அளவில் தரும் மார்பின் சாவை முந்த வைப்பதில்லை, வலியைத்தான் குறைக்கிறது.

"மனத்திடம் இல்லாதவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும்." நேர்மாறு. ராத்திரி போனை எடுக்கிறவருக்குத்தான் முதலில் வருகிறது. அணைத்து வைப்பவருக்கு அல்ல.

"பத்து நாள் லீவு போட்டு சுருளித் தீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்தால் சரியாகும்." ஓய்வு நல்லது, போய்வாருங்கள். ஆனால் திரும்பி வரும்போது அதே வேலைப்பளு, அதே தனிமை என்றால் அந்த ஓய்வின் பலன் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மெடிக்கல் கடை வைத்தியம்

இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தூக்கத்துக்கென்று இவர்கள் வாங்கிப் போடும் அல்பிரசோலம் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மாத்திரை. சில வாரங்களிலேயே உடம்பு அதற்கு அடிமையாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். தாமாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவது, தலைவலிக்குத் தினமும் வலி மாத்திரை, 'அசதிக்கு' ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது, ஆண் பணியாளர்கள் சாயங்காலம் குடிப்பது எல்லாம் இதே கணக்குத்தான். நோயாளி இப்படிச் செய்தால் நீங்கள் விடுவீர்களா?

பரிசோதனை

அசதிக்கு உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று அறிய, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து கேளுங்கள்

கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை நோயாளியின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. சோறு ஊட்ட, பேச்சுத்துணைக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு என்று ஊரே சுமையைப் பகிர்ந்துகொண்டது. மலைக்கு இந்தப் பக்கம் எல்லாமே ஒரு சிஸ்டரின் தலையில். பண்ணைப்புரத்திலும் இளைஞர்கள், மகளிர் குழுவினர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கொடுங்களேன்.

மேலதிகாரிகளே, ராத்திரி போனை முறைவைத்துப் பிரித்துக்கொடுங்கள். கஷ்டமான வீட்டுக்கு இரண்டு பேராக அனுப்புங்கள். நோயாளி இறந்த வாரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேச விடுங்கள். துட்டிக்குப் போய்வர அனுமதி கொடுங்கள். அந்த வீட்டார் கையைப் பிடித்து "நீங்க இருந்தீங்க, அது போதும்" என்று சொல்வது செவிலியருக்கும் மருந்து.

தங்கைகளே, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, காலையில் வண்டியை எடுக்கவே கை வரவில்லை என்றாலோ டாக்டரிடம் வாருங்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.