உறை மேல் எழுதிய பட்டியல்

1998 ஜனவரி 15. ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ மேசைமேல் குனிந்து ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்தில் சர்வதேச நிதியமான ஐ.எம்.எஃப்.பின் தலைவர் மிஷெல் காம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறார். நம் ஊரில் கைகட்டி நின்றால் பணிவு. அந்தப் புகைப்படத்திலோ அது கடன் கொடுத்தவரின் மிடுக்காகத் தெரிந்தது. நான்கு மாதத்தில் சுகார்த்தோ பதவி இழந்தார். படம் மட்டும் ஆசியாவின் நினைவில் தங்கிவிட்டது.

முந்தைய ஆண்டு ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டதில் தொடங்கிய சரிவு அது. இந்தோனேசியா, தென் கொரியா என்று பரவி, 1998 ஆகஸ்ட்டில் ரஷ்யாவையும் சாய்த்தது. பணக்கார நாடுகளின் குழுவான ஜி-7 இதற்குத் தீர்வு தேடியது. ஆனால், தீப்பிடித்த ஆசிய வீடுகளில் ஒன்றுக்குக்கூட அந்த அறையில் நாற்காலி இல்லை.

நாற்காலிகளைக் கூட்ட முனைந்தவர் கனடாவின் நிதியமைச்சர் பால் மார்ட்டின். 1999இல் அவரும் அமெரிக்க நிதித்துறையின் லாரன்ஸ் சம்மர்ஸும் வாஷிங்டனில் உட்கார்ந்து, யார் யாரை அழைக்கலாம் என்று பேசினார்கள். கைக்குத் தாள் கிடைக்காததால் ஒரு பழுப்பு உறையின் மேலேயே பட்டியல் போட்டார்கள் என்று கனடாப் பத்திரிகைகள் பின்னர் எழுதின. அர்ஜென்டினா உள்ளே வந்தது. ஸ்பெயின் வெளியே நின்றது. பிற்பாடு ‘நிரந்தர விருந்தாளி’ என்ற விசித்திரமான பட்டம் அதற்குக் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்காவுக்கு இடம், நைஜீரியாவுக்கு இல்லை. எந்த அளவுகோலில் தேர்ந்தார்கள் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அந்த டிசம்பரில் பெர்லினில் நிதியமைச்சர்களும் மத்திய வங்கித் தலைவர்களும் கூடினார்கள். ஜி-20 பிறந்தது இப்படித்தான்.

அதற்குச் சாசனம் இல்லை, நிரந்தர அலுவலகம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. ஆண்டுக்கொரு நாடு தலைமை ஏற்கும்; தலைவர்களுக்காக முன்கூட்டி வார்த்தை பேரம் நடத்தும் அதிகாரிகளுக்கு இமயமலை வழிகாட்டிகளின் பெயரில் ‘ஷெர்பா’ என்று பெயர். எல்லோரும் ஒப்பினால் ஓர் அறிக்கை வரும். அதை மீறினால் தண்டனை எதுவும் கிடையாது.

ஒன்பது ஆண்டுகள் அது அதிகாரிகளின் கூட்டமாகவே இருந்தது. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானதும் நிலைமை மாறியது. இரண்டே மாதத்தில் ஜார்ஜ் புஷ் இருபது தலைவர்களையும் வாஷிங்டனுக்கு வரவழைத்தார். அடுத்த ஏப்ரலில் லண்டனில் கூடியவர்கள் 1.1 லட்சம் கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார்கள், ஐ.எம்.எஃப்.பின் கடன் கொடுக்கும் சக்தியை மூன்று மடங்காக்கி 75,000 கோடி டாலருக்கு உயர்த்தினார்கள். சாசனம் இருந்திருந்தால் அதன் ஷரத்துகளைப் பற்றி விவாதிக்கவே இரண்டு மாதம் போயிருக்கும்.

அதே லண்டனில் ஒரு வினைச்சொல்லால் எல்லாம் கவிழப் பார்த்தது. வரி ஏய்ப்போரின் புகலிடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வேண்டும் என்றார் பிரான்ஸின் சார்க்கோசி. ஹாங்காங், மக்காவ் அதில் சிக்குமே என்று சீனாவின் ஹூ ஜிந்தாவ் மறுத்தார். ஒபாமா இருவரிடமும் தனித்தனியே பேசினார். பட்டியலை ‘அங்கீகரிக்கிறோம்’ என்பதற்குப் பதில் ‘கவனத்தில் கொள்கிறோம்’ என்று எழுதினார்கள். கூட்டம் பிழைத்தது.

அவசரம் தீர்ந்ததும் வேகமும் போயிற்று. ஐ.எம்.எஃப்.பில் வளரும் நாடுகளுக்குக் கூடுதல் வாக்கு தருவதாக 2010இல் சியோலில் ஒப்புக்கொண்டார்கள்; அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குச் சம்மதிக்க 2015 டிசம்பர் ஆனது. 2023 ஜூலையில் சென்னையில் கூடிய சுற்றுச்சூழல் அமைச்சர்களும் கரியமில வாயு வெளியேற்றம் உச்சம் தொட்டு இறங்க வேண்டிய ஆண்டைக் குறிப்பதில் ஒத்துப்போகாமலே கலைந்தார்கள்.

இந்த மன்றத்தின் உண்மையான பரீட்சை ஏழை நாடுகளின் கடன். கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், ‘பொதுச் சட்டகம்’ என்ற ஏற்பாட்டை ஜி-20 கொண்டுவந்தது. கடன் கொடுத்த பழைய பணக்கார நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்போடு சீனா, இந்தியா போன்ற புதிய கடன்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து தள்ளுபடி பேச வேண்டும். யோசனை நல்லது. அதே மாதம் கடன் தவணை தவறிய ஜாம்பியா இந்த வாசலைத் தட்டியது. பிற அரசுகளோடு உடன்பாடு எட்ட 2023 ஜூன் ஆனது. பத்திரம் வாங்கியவர்களோடு முடிக்க 2024. தாமிரம் விற்றுப் பிழைக்கும் நாடு மூன்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

இலங்கையின் கதை இன்னும் வினோதம். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது என்று கொழும்பு அறிவித்தது. மருந்து இல்லை, பெட்ரோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில். ஆனால், ஜி-20 சட்டகம் பரம ஏழை நாடுகளுக்கு மட்டும். இலங்கையோ உலக வங்கிக் கணக்கில் நடுத்தர வருமான நாடு. கஞ்சிக்கு வழியில்லாதவரிடம் பழைய சம்பளச் சீட்டைக் காட்டிச் சலுகை மறுத்த கதைதான். கடைசியில் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து தனிக் குழுவுக்குத் தலைமை தாங்கின; சீனா தனி வழியில் பேசியது. 2024 ஜூன் 26 அன்று இரண்டு பக்கமும் கையெழுத்தானது. குழுவின் பங்கு மட்டும் 580 கோடி டாலர். எல்லாக் கடன்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கச் சட்டகம் கொண்டுவந்த மன்றத்தின் உறுப்பு நாடுகளே இங்கே இரண்டு மேசைகளில் இருந்தன.

உக்ரைன் போருக்குப் பிறகு, அறிக்கை வெளிவருவதே செய்தியாகிவிட்டது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநாட்டுக்கு ஷி ஜின்பிங்கும் வரவில்லை, புடினும் வரவில்லை. இந்தியாவின் ஷெர்பா அமிதாப் காந்தின் குழு 200 மணி நேரத்துக்கு மேல் பேசி, ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் கண்டிக்காத வாசகத்துக்கு அனைவரையும் சம்மதிக்க வைத்தது. அதைவிட நாள்பட நிற்கப்போவது வேறு ஒன்று: 55 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியம் அங்கே உறுப்பினரானது. அதன் தலைவராக இருந்த கொமரோஸ் அதிபர் அசாலி அசூமானியை நாற்காலியில் அமர அழைத்து மோடி கட்டித் தழுவினார்.

இரண்டே ஆண்டில், 2025 நவம்பர் 22, 23 தேதிகளில், மாநாடு முதல்முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. அமெரிக்கா புறக்கணித்தது. வழக்கமாகக் கடைசியில் வரும் அறிக்கையை முதல் நாள் தொடக்கத்திலேயே நிறைவேற்றிவிட்டார்கள். அடுத்த தலைமை அமெரிக்காவுக்கு. பொறுப்பை வாங்கத் தூதரக அதிகாரி வருவார் என்றது வாஷிங்டன். எங்கள் அதிபர் அவரிடம் கொடுக்கமாட்டார் என்றது தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தை முடித்தார், வாங்கிக்கொள்ள ஆளில்லை.

சில நாளில் ட்ரம்ப் அறிவித்தார்: 2026 மயாமி மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பு இல்லை. உறுப்பினரை நீக்க ஜி-20இல் விதி கிடையாது. நீக்குவதைத் தடுக்கவும் விதி கிடையாது. 2025 டிசம்பரிலேயே அமெரிக்கா தன் அழைப்புப் பட்டியலில் ஒரு புதுப் பெயரைச் சேர்த்தது: போலந்து.