ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

மேலூர் வட்டம் திருவாதவூர் பக்கம், விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பொக்கை அரித்துத் தள்ளிவிட்டுத்தான் நாற்றங்கால் விடுவார்கள். அப்படிப் பழகிய கை, ரேஷன் அரிசியைக் களையும்போது நாலு மணி மிதந்தால் எடுத்து வீசத்தான் செய்யும். அந்த மணிகளைப் பற்றி வீடுகளில் எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும்:

அது பிளாஸ்டிக் அரிசிதானே?

இல்லை. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து உலர்த்திய மணி அது. 100 கிலோ சாதாரண அரிசிக்கு 1 கிலோ என்பது கலக்கும் விகிதம். இப்படிக் கலந்த அரிசிக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர்.

பிறகு ஏன் மிதக்கிறது? நிறமும் வேறாக இருக்கிறதே?

மாவிலிருந்து செய்ததால் விளைந்த அரிசியைவிட அடர்த்தி குறைவு. சேர்த்த சத்துகளால் நிறம் சற்று மாறும். வெந்தபின் விரலால் நசுக்கிப் பாருங்கள், மற்ற பருக்கை போலவே மசியும்.

இதற்கு என்ன அவசியம்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர், செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கும் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தார். ஆனாலும் இது கீரைக்கும் பருப்புக்கும் மாற்று அல்ல.

கஞ்சியை வடித்தால் சத்து போய்விடாதா?

இரும்புச்சத்து தண்ணீரில் எளிதில் கரையாத வடிவில் சேர்க்கப்படுகிறது. வைட்டமின்களில் கொஞ்சம் வீணாகலாம். பலமுறை களைய வேண்டாம். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கலாம்.

எல்லோரும் சாப்பிடலாமா?

தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை முன்பு பையில் அச்சிடப்பட்டது. கெடுதல் என்பதற்குச் சான்றில்லை என்று நிபுணர் குழு கூறியதாக மத்திய அரசு 2024-இல் தெரிவித்தது. இருந்தாலும் அந்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கலாமே?

மூட்டையில் எழுதித்தான் இருக்கிறது; செறிவூட்டலைக் குறிக்கும் நீல நிற '+எஃப்' முத்திரையும் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் மூட்டையைப் பிரித்து, எடை போட்டு, நாம் கொண்டுபோகிற பையில்தான் கொட்டுகிறார்கள். எழுத்து கடையிலேயே நின்றுவிடுகிறது, அரிசி மட்டும் வீட்டுக்கு வருகிறது. எடைபோடும் இடத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, இரண்டு மணியைப் போட்டு, "இது மிதக்கும், பொக்கு இல்லை, சத்து மணி" என்று சொன்னால் போதும். சொல்லாமல் விட்டதால்தான் அந்தச் சத்து கழனித் தண்ணியோடு மாட்டுத்தொட்டிக்குப் போகிறது.