ஈயத்தைக் கடிக்கும் மீன்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் காட் மீன் பிடிக்க இரை வேண்டாம். சின்ன மீன் வடிவில் வார்த்த ஓர் ஈயத்துண்டு, அதன் அடியில் இரண்டு கொக்கிகள், நீளமாய் ஒரு நைலான் கயிறு, அவ்வளவுதான். ஜிக்கர் என்பார்கள். ஈயம் தரையைத் தட்டும்வரை கயிற்றை விட்டு, ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளம், மேலே தூக்கி நிறுத்தி, பிறகு கையை வீசி இழுப்பதும் தளர்த்துவதுமாக இருக்க வேண்டும். கீழே அந்த ஈயம் அடிபட்ட சிறுமீன் துடிப்பதுபோல மேலும் கீழும் போகும். நகர்வது எதுவானாலும் வாயைப் பிளந்துகொண்டு வரும் சாதி காட். சில மீன் கடித்து மாட்டும்; சில, பக்கத்தில் வந்ததற்காகவே வயிற்றிலோ வாலிலோ கொக்கி குத்தி மேலே வரும்.

மாகாணத் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குச் சற்றுத் தெற்கே பெட்டி ஹார்பர் என்றொரு பழைய மீனவக் கிராமம். என்னைப் படகில் அழைத்துப்போன நண்பர் அந்த ஊர்க்காரர். ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டாரை முடுக்கி அரை மணி நேரம்கூடப் போயிருக்கமாட்டோம். படகில் ஜி.பி.எஸ் கருவி இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை. தேவாலயக் கூம்பும் அதன் பின்னால் உள்ள மலைமுகடும் ஒரே கோட்டில் வரும்வரை போனார், பக்கவாட்டில் இன்னொரு பாறையைப் பார்த்துக்கொண்டார், மோட்டாரை அணைத்தார். கன்னியாகுமரிக் கடற்கரையில் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்க நம் மீனவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். இரண்டு கரைக்கும் நடுவே பாதி உலகம் கிடக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை.

கோடையிலும் இலையுதிர்காலத்திலும் குறிப்பிட்ட நாள்களில் மட்டும் வீட்டுச் சாப்பாட்டுக்காக யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். உரிமம் தேவையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 மீன். படகில் எத்தனை பேர் இருந்தாலும் 15-க்கு மேல் கூடாது. இன்னொரு விதி விசித்திரமாகத் தோன்றும்: பிடித்த காட் மீனைத் திரும்பக் கடலில் விடக்கூடாது. சின்னதை வீசிவிட்டுப் பெரியதற்குக் காத்திருக்கும் தந்திரத்தை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மேலே வந்த மீனைப் பார்த்தால் உடலியலும் அந்த விதிக்குத் துணைநிற்பது புரியும்.

நண்பர் இழுத்துப்போட்ட முதல் மீன் முழங்கை நீளம் இருந்தது. பச்சை கலந்த பழுப்பு முதுகு முழுக்கப் புள்ளிகள், பக்கவாட்டில் தலை முதல் வால்வரை ஒரு வெள்ளைக் கோடு, தாடையின் கீழ் ஒற்றை மயிர்போல ஒரு மீசை. தரையைத் தடவி இரை தேடும் உறுப்பு அது. அதன் வயிறு பந்தாக உப்பியிருந்தது.

காட்டின் முதுகெலும்புக்கு அடியில் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அந்தப் பைதான் மீனை மூழ்கவும் விடாமல் மிதக்கவும் விடாமல் நிறுத்துகிறது. கெண்டை போன்ற மீன்களில் இந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் போகும். காற்று அதிகமானால் வாய்வழியே விட்டுவிடலாம். காட்டுக்கு அந்த வழி கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல நான்கு மடங்கு. அங்கிருந்து ஒரு நிமிடத்துக்குள் மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் வாயு நான்கு மடங்காக விரியப் பார்க்கும். பை தாங்காது, கிழிந்துவிடும். வாயு வயிற்றுக்குள் பரவும். அப்படி உப்பிய மீனைத் திரும்ப விட்டாலும் உடனே கீழே போக முடியாமல் மல்லாந்து மிதக்கும். கடற்பறவைகள் அதற்காகவே படகைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சரி, குழாயே இல்லாத பைக்குள் வாயு எப்படிப் போகிறது? இரத்தத்திலிருந்துதான். பையின் சுவரில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்து இரத்தத்தைப் புளிக்க வைக்கும். புளித்த இரத்தத்தில் ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து ஆக்சிஜன் கழன்றுவிடும். கழன்ற ஆக்சிஜன் வெளியே போகும் இரத்தத்தோடு தப்பிவிடாமல் இருக்க, உள்ளே வரும் நுண்குழாய்களும் வெளியேறும் நுண்குழாய்களும் எதிரெதிர்த் திசையில் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. வெளியேறும் குழாயில் இருக்கும் வாயு பக்கத்துக் குழாய்க்கே கசிந்து திரும்பிவிடுகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றிச் சேர்ந்து, வெளியே உள்ள கடலின் அழுத்தத்தையே எதிர்த்து நிற்கும் அளவுக்குப் பையில் வாயு நிறைகிறது. ஆனால் மெதுவான வேலை, மணிக்கணக்கு பிடிக்கும். இதே பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்கள் பெண்களைக் கவர உறுமவும் செய்கின்றன.

முற்பகலில் பனிமூட்டம் இறங்கியது. ஒரு கணம் இருந்த மலைமுகடு மறுகணம் இல்லை. வடக்கிலிருந்து வரும் லாப்ரடார் குளிர் நீரோட்டத்தின் மேல், தெற்கே வளைகுடா நீரோட்டத்தைக் கடந்து வரும் ஈரக்காற்று படியும்போது உண்டாகிற மூட்டம் இது. 1986 ஆகஸ்டில் இதே மூட்டத்துக்குள்தான், இந்தத் தீவின் தென்முனைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் நடுக்கடலில் விடப்பட்டு அலைந்துகொண்டிருந்தார்கள். முதலில் அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றியவர் கஸ் டால்ட்டன் என்ற உள்ளூர் மீன்பிடிப் படகுக்காரர்.

லாப்ரடார் நீரோட்டத்தின் முழுக் குளிரும் மேலே கைவைத்துப் பார்த்தால் தெரியாது. கோடையில் மேல்நீரின் குளிர் ஓரளவு தணிந்துவிடும். அதற்கடியில், பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்த ஓர் அடுக்கு ஆண்டு முழுவதும் கிடக்கிறது. குளிர்காலத்தில் கரையோரக் கடல் முழுவதுமே மைனஸ் 1.7 டிகிரி வரை இறங்கும். உப்பினால் கடல்நீர் உறையாது. சாதாரண மீனின் இரத்தமோ மைனஸ் 0.7 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். இந்த ஒரு டிகிரி இடைவெளியில்தான் காட்டின் உயிர் இருக்கிறது.

குளிர் நெருங்கும்போது காட்டின் இரத்தத்தில் ஒரு புரதம் சேர்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டிய புரதம். உடலுக்குள் ஒரு பனிப்படிகம் துளிர்த்தால் இது அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் தடுத்துவிடும். 1960-களில் ஆர்தர் டெவ்ரீஸ் என்ற ஆய்வாளர் அண்டார்டிகா மீன்களில் இதைக் கண்டுபிடித்தார். பிறகு வடதுருவப் பக்கத்து காட் இனங்களிலும் ஏறக்குறைய அச்சு அசலாக இதே புரதம் கிடைத்தது. மூன்றே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் அதே வரிசை, அதே சர்க்கரை. இரண்டு மீன்களுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அண்டார்டிகா மீன் அதை ஜீரண நொதி ஒன்றின் மரபணுவிலிருந்து மாற்றியமைத்துக்கொண்டது என்று 1997-ல் தெரிந்தது. காட்டுக்கு எங்கிருந்து வந்தது? 2019-ல் கிறிஸ்டினா செங் குழுவினர் சொன்ன பதில்: எந்தப் புரதத்துக்கும் குறியீடாக இல்லாமல் சும்மா கிடந்த டி.என்.ஏ-விலிருந்து. பழைய மரபணு எதையும் மாற்றியமைக்காமல், வெறுமையிலிருந்து ஒரு மரபணு பிறந்திருக்கிறது. பரிணாமத்தில் இதைவிட என்னை வியக்கவைத்த செய்தி அதிகமில்லை.

துறைக்குத் திரும்பி, மரமேசையில் நண்பர் மீன் வெட்டினார். முதல் மீனின் வயிற்றில் விரல் நீள கேப்லின் மீன்கள், செரிக்காத ஒரு குட்டி நண்டு. பிறகு ஈரல், வெளிர்ந்த பழுப்பில், கை நிறைய. நம்மில் பலர் சின்ன வயதில் விழுங்கிய காட் லிவர் ஆயில் மாத்திரையின் மூலம் இதுதான். காட் தன் கொழுப்பையெல்லாம் ஈரலில் சேர்த்துவைக்கிறது. சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இராது. அதனால்தான் உப்பிட்டுக் காயவைத்தால் மத்திக் கருவாடு மாதிரிச் சிக்கு வாடை அடிக்காமல் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகக்கூடிய புரதம் அது. நல்ல ரகம் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போனது. மட்ட ரகம் கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் சாப்பாடானது.

கண்டதைக் கடிக்கும் வாய், கெடாத சதை, குளிருக்கு அஞ்சாத உடல், கூட்டமாகச் சேரும் பழக்கம். காட் பிழைத்துக் கிடந்ததற்கான காரணங்கள் இவை. மனிதன் அதைத் துடைத்தெடுத்ததற்கும் இவையே காரணம். கடைசிக் குணம்தான் மிகவும் கெடுத்தது. 1950-களில் பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் ஐரோப்பிய இழுவைக் கப்பல்கள் வந்தன. 1968-ல் மட்டும் இந்த வடக்கு காட் கூட்டத்திலிருந்து 8 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 1977-ல் கனடா 200 கடல்மைல் எல்லை போட்டு அந்நியக் கப்பல்களை அகற்றியது. அந்த இடத்துக்கு அதன் சொந்த இழுவைக் கப்பல்கள் போயின.

கரையோரப் படகுக்காரர்கள் 1980-களிலேயே முறையிடத் தொடங்கிவிட்டார்கள்: மீன் குறைகிறது, வருவதும் சிறுத்துவிட்டது என்று. அரசு விஞ்ஞானிகளோ பெரிய கப்பல்களின் பிடி குறையவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே உண்மை. கூட்டம் சுருங்கச் சுருங்க, மிச்சமிருந்த காட் இன்னும் நெருக்கமாக ஓரிடத்தில் கூடியது. எதிரொலிக் கருவி உள்ள கப்பல் அந்த இடத்தைத் தேடிப்போய் அதே அளவு அள்ளும். ஒரே இடத்தில் கயிற்றை விட்டுக் காத்திருக்கும் கரைக்காரனுக்குத்தான் கடல் வெறிச்சோடுவது முதலில் தெரியும். ஈயத்துண்டு கட்டிய கயிறு அந்த விஷயத்தில் நம்பகமான அளவுகோல் என்பேன். அதை அப்போது யாரும் அளவுகோலாக மதிக்கவில்லை.

1992 ஜூலை 2 அன்று கனடாவின் மீன்வளத்துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்கு காட் பிடிக்கத் தடையை அறிவித்தார். அவரும் அந்த மண்ணின் மைந்தர்தான். சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டே ஆண்டு என்று சொன்ன தடை, இடையிடையே கரையோரப் படகுகளுக்குக் கிடைத்த சிறு அனுமதிகளைத் தவிர, 2024 வரை நீண்டது. அந்த ஆண்டு திறந்துவிட்டபோது ஒதுக்கிய அளவு 18,000 டன்.

அது அதிகமா, குறைவா என்று துறையில் நின்றபடி நண்பரைக் கேட்டேன். அவர் காட்டைப் பற்றிப் பேசவே இல்லை, கேப்லினைப் பற்றிப் பேசினார். கோடைத் தொடக்கத்தில் கேப்லின் கரைமணலில் ஏறிப் புரண்டு முட்டையிடும். அதைத் துரத்திக்கொண்டுதான் காட் கரைக்கு வரும். 1991 வாக்கில் கேப்லின் கூட்டமும் சரிந்தது, பழைய அளவுக்கு இன்னும் மீளவில்லை. முட்டையிட வருவதும் முன்பைவிட வாரக்கணக்கில் பிந்திவிட்டது. அப்படியிருக்க, பெரும்பாலும் முட்டைக்காக ஏற்றுமதியாகும் கேப்லினை இன்னும் பிடிக்க அனுமதிப்பது ஏன் என்பது அவர் கேள்வி. காட்டுக்கு எத்தனை டன் என்று வாதாடுவதற்கு முன் பேசவேண்டியது அதுதான் என்றே எனக்கும் படுகிறது.