சிறிய வீடு, சீரிய அமைப்பு

இடம் குறைந்த வீட்டிலே குடும்பம் நடத்துதல் அரிது என்று நம்மவர் கூறுவதுண்டு. டோக்கியோ நகரத்துத் தொடர்மாடி ஒன்றிற் குடும்பத்தோடு ஒரு மாதகாலம் தங்கிய நமக்கு, இடத்தின் அளவினும் அதன் அமைப்பே பெரிது என்பது விளங்கிற்று.

நாம் இருந்தது இரண்டு அறைகளும், மேசையிட்டு உண்ணத்தக்க ஒரு சமையலறையும் உள்ள வீடு. வாயிலினுள்ளே தாழ்ந்ததொரு தளம் உண்டு. காலணிகளை அங்கே கழற்றிவிட்டே மேலேறுதல் வேண்டும். செருப்பை வாசலில் விட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

ஓர் அறையின் தரையில் 'தத்தாமி' என்னும் தடித்த பாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையது. இரவில் அவற்றின்மீது மெத்தைகளை விரிப்போம். காலையில் மடித்துச் சுவரலுமாரியில் வைப்போம். பள்ளியறை கூடமாகிவிடும். குளியலறையிலோ, தொட்டிக்கு வெளியே உடலைத் தேய்த்துக் கழுவிய பின்னரே வெந்நீரில் அமிழ்தல் முறை. வீட்டார் யாவரும் ஒருவர்பின் ஒருவராக அதே நீரில் அமிழ்வராதலின், இவ்வொழுங்கு இன்றியமையாதது.

நமக்கு நேர்ந்த சோதனை வேறு. சிறுவர் ஓடினால் கீழ்வீட்டாருக்கு அது இடிமுழக்கமன்றோ? மெல்ல நடக்க அவர்களைப் பழக்குவதற்குள் முதல் வாரம் கழிந்தது.

இரவில் மகள் உணவு மேசையிலிருந்து பாடம் படிப்பாள். கதவுக்கப்பால் இளையவன் நித்திரை கொள்வான். இவ்வசதிக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. யுத்த காலத்தில் நிஷியாமா உஸோ என்னும் கட்டடக்கலை அறிஞர் எளியோரின் வீடுகளை ஆராய்ந்தார். வீடு எத்துணை சிறிதாயினும், உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் வேறாக வைத்துக்கொள்ளவே மக்கள் முயல்வதை அவர் கண்டார். 1945இல் போர் முடிந்தபோது யப்பானுக்கு 42 இலட்சம் வீடுகள் தேவைப்பட்டன. 1951இல் வகுக்கப்பட்ட பொது வீட்டுத் திட்டமொன்று, சுமார் 35 சதுர மீற்றர் பரப்பினுள்ளே அம்மக்களின் விருப்பத்திற்கு உருவம் கொடுத்தது. 1955இல் நிறுவப்பெற்ற யப்பான் வீடமைப்புக் கழகம் அதனை நாடெங்கும் பரப்பிற்று.

கொழும்பிலும் தொடர்மாடிகள் எழும்பும் இந்நாளில், வரைபடம் தீட்டுவோர் முதலில் ஒரு கேள்வி கேட்பார்களாக: இவ்வீட்டில் வாழப்போகும் குடும்பம் எங்கே உண்ணும், பிள்ளை எங்கே படிக்கும், களைத்தவர் எங்கே உறங்குவர்?