இரண்டு திர்ஹம் மஹரும் ஓர் ஆசானின் மகளும்



நம் ஊர்களில் வயதான ஓர் ஆசிரியர் மௌத்தானால், எத்தனை பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர் என்று சொல்லிக் கலங்குகிறோம். வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார், சொந்தப் பிள்ளைகளுக்கு என்ன கற்றுக் கொடுத்தார் என்று கேட்பவர்கள் குறைவு. அது மனைவிக்கும் மக்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். பள்ளிவாசலிலும் வீட்டிலும் ஒன்றுபோல ஆசானாக வாழ்ந்த ஒருவரை இன்று உங்களுக்கு நினைவூட்டப் போகிறேன். தாபிஈன்களின் தலைவர் என்று போற்றப்படும் ஸஈத் இப்னுல் முஸையிப் (ரஹ்) அவர்கள்தாம் அவர்.

உமர் (ரழி) அவர்கள் கலீபாவாகி இரண்டு வருடங்கள் சென்றபோது, ஹிஜ்ரி 15 அளவில், மதீனாவில் பிறந்தார்கள். தந்தை முஸையிப், பாட்டனார் ஹஸ்ன் இருவரும் ஸஹாபாக்கள். 'ஹஸ்ன்' என்றால் கரடுமுரடு. நபி (ஸல்) அவர்கள் அதனை மென்மையைக் குறிக்கும் 'ஸஹ்ல்' என்று மாற்ற விரும்பினார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றப் பாட்டனார் ஒப்பவில்லை. அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவே இல்லை என்று பேரர் பின்னாளில் சொன்னது ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கடுமை எப்படிப்பட்டது என்பதைப் போகப்போகப் பார்ப்பீர்கள்.

அபூஹுரைரா (ரழி) அவர்களிடம் கற்று, அவர்களுடைய மகளையே மணமுடித்தார்கள். அன்னை ஆயிஷா (ரழி), அன்னை உம்மு ஸலமா (ரழி) ஆகியோரிடமும் ஹதீஸ் கேட்டார்கள். ஒரேயொரு ஹதீஸுக்காக இரவு பகலாகப் பயணம் போனதுமுண்டு. மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவராக மஸ்ஜிதுந் நபவியில் அமர்ந்து பாடம் நடத்தினார்கள்.

நாற்பது வருடம் ஜமாஅத் தொழுகை தவறவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 63இல் யஸீதின் படை மதீனாவைச் சூறையாடிய ஹர்ரா நாட்களில், ஊரார் வீடுகளில் பதுங்கியிருக்க, பள்ளியில் தனியாக இருந்தவர் அவர். முதுமையில் கண் நோய் கண்டது. அகீக் பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பச்சையைப் பார்த்து வந்தால் சுகமாகும் என்றார்கள். இஷாவுக்கும் சுபஹுக்கும் நான் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டை யார் பார்த்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அவரேதான்! சுமார் நானூறு தீனார் முதலில் எண்ணெய் வியாபாரம் செய்தார்கள். அரசாங்க மானியத்தை வாங்க மறுத்தார்கள். கடனை அடைக்கவும், உறவினரை ஆதரிக்கவும், மானத்தைக் காக்கவும் ஹலாலாகப் பொருள் தேடாதவனிடம் நன்மை இல்லை என்பது அவர்களின் கருத்து.

கலீபா அப்துல் மலிக் தம் மக்கள் வலீதுக்கும் ஸுலைமானுக்கும் முன்கூட்டியே பைஅத் கேட்டபோது மறுத்தார்கள். மதீனாவின் ஆளுநர் கசையடி கொடுத்தார். அவருடன் யாரும் உட்காரக் கூடாது என்றும் கட்டளையிட்டார். பாடம் கேட்க வந்தவர்களை, உங்களுக்குத் தொல்லை வரும், எழுந்து போங்கள் என்று ஆசானே அனுப்பிவைத்தார். அடியை விட அது அவருக்கு வலித்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இந்த வலீதுக்குத்தான் ஸஈத் (ரஹ்) அவர்களின் மகளை அப்துல் மலிக் பெண் கேட்டிருந்தார். அதற்கும் மறுப்புத்தான் கிடைத்தது. இனி நடந்ததைக் கேளுங்கள்.

இப்னு அபீ வதாஆ என்ற ஏழை மாணவர் சில நாட்கள் பாடத்துக்கு வரவில்லை. திரும்பி வந்தவரிடம் காரணம் கேட்டபோது, மனைவி வபாத்தாகிவிட்டார் என்றார். மறுமணம் செய்யவில்லையா என்றார்கள் ஆசான். இரண்டு மூன்று திர்ஹத்துக்கு மேல் இல்லாத எனக்கு யார் பெண் தருவார் என்றார் மாணவர். நான் தருகிறேன் என்று சொல்லி, அந்த இடத்திலேயே இரண்டு திர்ஹம் மஹருக்கு மகளை நிகாஹ் செய்து கொடுத்தார்கள்.

மாணவர் வீட்டுக்குப் போய், யாரிடம் கடன் வாங்குவது என்று யோசித்தபடி, ரொட்டியும் எண்ணெயும் வைத்து நோன்பு திறந்துகொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம். யாரென்று கேட்க, "ஸஈத்" என்று பதில். ஊரிலுள்ள ஸஈத்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள், ஆசானைத் தவிர. வீட்டுக்கும் பள்ளிக்குமிடையே தவிர வேறெங்கும் அவரைக் கண்டவர் இல்லையே! மணமுடித்த மனிதர் இன்றிரவு தனிமையில் இருப்பது பிடிக்கவில்லை என்று சொல்லி, பின்னால் நின்ற மகளை உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மணப்பெண் வெட்கத்தால் நிலைகுலைந்துவிட்டாள். மாப்பிள்ளையோ ரொட்டித் தட்டை அவள் கண்ணில் படாமல் விளக்கின் நிழலுக்குள் தள்ளி வைத்தார்.

செய்தி கேட்டு ஓடிவந்த மாப்பிள்ளையின் உம்மா, மூன்று நாள் மணப்பெண்ணைச் சோடித்த பிறகுதான் மகனை நெருங்க விட்டார். (உம்மாமார் எக்காலத்திலும் உம்மாமார்தான்.) குர்ஆனை மனனமிட்டவளாக, ஸுன்னாவை நன்கு அறிந்தவளாக அவளைக் கண்டேன் என்று அவர் பின்னர் சொன்னார். காலையில் ஆசானின் பாடத்துக்குப் புறப்பட்டவரை, இருங்கள், வாப்பாவின் இல்மை நானே உங்களுக்குக் கற்றுத் தருகிறேன் என்று அவள் தடுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. நாற்பது வருடம் பள்ளியே கதியென்றிருந்தவர், மகளை உட்கார வைத்துப் பாடம் சொன்ன நேரம் எது? அவர் எப்படியோ நேரம் கண்டுபிடித்திருக்கிறார்!

நானும் பெண் மக்களைப் பெற்ற வாப்பாதான். இந்தச் சம்பவத்தை எத்தனையோ நிகாஹ் மஜ்லிஸ்களில் பயான் செய்திருக்கிறேன். முன்னைய கிழமை அதே வீட்டில் கைக்கூலி எண்ணி வாங்கப்பட்டது தெரிந்தும், வாய் திறக்காமல் சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துமிருக்கிறேன். நமது 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலி என்பது மணமகளின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படும் பொருள். காதியாரிடம் அதைக் கேட்டு வழக்கிட வழியுண்டு. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

ஒரு மாதம் சென்று மருமகன் பாடத்துக்கு வந்தார். கூட்டம் கலையும் வரை ஆசான் ஒன்றும் பேசவில்லை. எல்லோரும் போன பின்தான் மகளின் நலன் விசாரித்தார்கள். மருமகன் வீடு திரும்பியதும் இருபதாயிரம் திர்ஹம் வந்து சேர்ந்தது. பார்த்தீர்களா, அவர்களும் கொடுத்தார்கள்தானே என்று சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. அதுவும் ரொட்டியும் எண்ணெயும் மட்டுமிருந்த வீட்டில் மகள் ஒரு மாதம் குடும்பம் நடத்திய பிறகு.

ஹிஜ்ரி 94இல், ஏறத்தாழ எண்பதாவது வயதில் வபாத்தானார்கள். மார்க்க அறிஞர்கள் பலர் மறைந்ததால் அது 'புகஹாக்களின் வருடம்' என்றே பெயர் பெற்றது. கையில் கொஞ்சம் தீனார்கள் மீதமிருந்தன. யா அல்லாஹ், என் மார்க்கத்தையும் மானத்தையும் காக்கவே இவற்றை வைத்திருந்தேன் என்று கடைசி நேரத்தில் அதற்கும் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.