மருந்தும் துஆவும்



இல்லத்தில் ஒருவர் நோயுற்றால் ஓதிப் பார்ப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் முஸ்லிம் குடும்பங்களில் தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கங்களாகும். இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தன, அந்த இணைப்பு எங்கே பிசகியது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் அனுமதித்தார்கள். தேள் கொட்டிய ஒரு குலத் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் அல்ஃபாத்திஹா அத்தியாயத்தை ஓதிப் பார்த்ததையும், அதை நபியவர்கள் அங்கீகரித்ததையும் புகாரியில் காண்கிறோம். இணைவைப்பு கலவாத வரை ஓதிப் பார்ப்பதில் குற்றமில்லை என்ற அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதே நபியவர்கள்தாம், ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஸகீஃப் குலத்து மருத்துவர் ஹாரிஸ் பின் கலதாவிடம் செல்லுமாறு பணித்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

பின்வந்தோரும் இவ்வழியே நடந்தனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் பின் இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தார். முஸ்லிம்கள் அவற்றைத் தயக்கமின்றி ஏற்றனர். 'யூனானி' என்ற சொல்லுக்கே கிரேக்கத்தைச் சார்ந்தது என்பதுதான் பொருள். 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் நபிமொழிகளையும் கிரேக்க மருத்துவக் கருத்துகளையும் ஒருங்கே வைத்து 'நபிவழி மருத்துவம்' குறித்து எழுதினார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

இத்தகைய மரபுக்கு உரிய சமுதாயத்தில்தான் அந்தத் துயரமும் நிகழ்ந்தது. நிவாரணம் நாடி ஏர்வாடிக்கு அழைத்து வரப்பட்ட மனநோயாளிகள், அங்கிருந்த தனியார் காப்பகங்களில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அந்தச் சங்கிலி துஆவும் அல்ல, மருந்தும் அல்ல. இரண்டும் கைவிட்ட இடத்தில் வந்து சேர்ந்தது அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துள்ளது.

இதற்கு மாற்று வழியும் உண்டு. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில் 'தவா-துஆ' என்ற ஏற்பாடு செயல்படுத்தப்பட்டது. மனநோயின் அறிகுறிகளை இனங்காண அங்குள்ள முஜாவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வருவோரின் பிரார்த்தனையை அவர்கள் தடுக்கவில்லை. அத்துடன் மனநல மருத்துவரையும் காணுமாறு அனுப்பி வைத்தனர். பின்னர் ஏர்வாடியிலும் இம்முறை கொண்டுவரப்பட்டது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பல இரவுகள் உறங்காதிருந்தால், இல்லாத குரல்கள் கேட்பதாகக் கூறினால், வலிப்பு வந்தால், உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால், ஜின் பிடித்துள்ளதென முடிவு கட்டி மாதங்களை வீணாக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செல்லும் வழியெல்லாம் ஓதுங்கள். அருகமர்ந்து துஆச் செய்யுங்கள். ஆனால், ஓதியாகிவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்தைப் படைத்தவனும் துஆவை ஏற்பவனும் ஒருவனே.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் வழங்கி அருள்வானாக! ஆமீன்.