மறுபடியும் சாக்பீஸ்

முதல்வர் நாற்காலியிலிருந்து வகுப்பறைக்குத் திரும்பும் பேராசிரியருக்கு நம் கல்லூரிகள் வைத்திருக்கும் வரவேற்பு என்ன? மைசூர் ஹெப்பாளிலிருந்து ஒரு பார்வை.

பத்து வருடம் கழித்து எடுத்த முதல் வகுப்பில் அவர் பதினெட்டு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார். மைசூர்க் கல்லூரி ஒன்றில் பொருளாதாரப் பேராசிரியர். 2014-ல் முதல்வராகி, ஐந்தும் ஐந்துமாக இரண்டு தவணை முடித்து, 2024-ல் தன் துறைக்கே திரும்பியவர். மஞ்சளேறிய பழைய நோட்ஸை மேஜைமேல் விரித்து, திட்டக் கமிஷன் ஐந்தாண்டுத் திட்டங்களை எப்படி வகுக்கிறது என்று ஆரம்பித்தார். இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், திட்டக் கமிஷன் இப்ப இல்லையே?"

இல்லைதான். கமிஷனுக்கு மூடுவிழா என்பது 2014 சுதந்திர தின உரையிலேயே சொல்லப்பட்டுவிட்டது. அடுத்த ஜனவரியில் நீதி ஆயோக் வந்தது. பன்னிரண்டாவது திட்டத்தோடு, 2017-ல், ஐந்தாண்டுத் திட்டங்களின் வரிசையே முடிந்தது. அதே ஆண்டு ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டில் கரைந்தது; ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. இவற்றில் எதுவும் அவர் அறியாததல்ல. தினமும் இரண்டு பேப்பர் படிக்கிறவர். கான்டீன் ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா என்று ஆடிட்டரோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவர். "பேப்பர்ல படிச்சதெல்லாம் ஒரு ரூம்ல இருந்திருக்கு, பாடம் இன்னொரு ரூம்ல இருந்திருக்கு. நடுவுல கதவைத் திறக்கவே இல்லை" என்கிறார். அன்று மீதி நேரத்துக்கு மாணவர்களை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஹெப்பாள் என்றால் பெங்களூர்க்காரர்களுக்கு அவர்கள் ஊர் மேம்பாலம்தான் நினைவுக்கு வரும். இது மைசூர் ஹெப்பாள். ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் இன்ஃபோசிஸ் வளாகம், நடுவில் வரிசை வரிசையாகக் குடியிருப்புகள். சாக்கடை கலந்து நாறிக்கிடந்த ஏரியை இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் செலவில் சீரமைத்திருக்கிறார்கள். பேராசிரியரின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வகுப்பில் கன்னடமும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். நான் போனால் "வாங்க தம்பி" என்று தானே நாற்காலியை இழுத்துப் போடுவார். இன்னும் பணியில் இருப்பதால் பெயர் வேண்டாம் என்றார்.

இந்த ஏரிக்கரையில் ஒரு வேடிக்கை உண்டு. எதிரே உள்ள கம்பெனி வளாகத்தில், கல்லூரியை முடித்துவிட்டு வேலைக்கு வரும் இளைஞர்களை ஆயிரக்கணக்கில் உட்காரவைத்து மறுபடி மாதக்கணக்கில் பாடம் நடத்துகிறார்கள். வேலைக்கு வருகிறவனுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. நிர்வாகத்திலிருந்து திரும்பி வரும் ஆசிரியருக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கல்லூரிகளுக்குத் தோன்றுவதில்லை. நம்மவர் வெள்ளிக்கிழமை மாலை சாவிக்கொத்தையும் முத்திரையையும் ஒப்படைத்தார். திங்கட்கிழமை காலை முதல் பீரியட் அவருடையது.

விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி கல்லூரி முதல்வர் பதவி ஐந்தாண்டு. மதிப்பீட்டின் பேரில் இன்னொரு ஐந்தாண்டு நீட்டிக்கலாம். முடிந்ததும் தாய் நிறுவனத்துக்குப் பேராசிரியர் என்ற பெயரோடும் தகுதியோடும் திரும்ப வேண்டும். பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். திரும்புகிறவர் பாடத்தை எப்படிப் பிடிப்பார் என்பது மட்டும் அவரவர் பாடு.

பிடிக்க வேண்டிய பாடமும் சும்மா நிற்கவில்லை. புதிய தேசியக் கல்விக் கொள்கையை முதலில் அமல்படுத்திய மாநிலம் கர்நாடகம். 2021-22-ல் பட்டப் படிப்பின் அமைப்பே மாறியது. ஆட்சி மாறிய பின், 2024-25 முதல் பழையபடி மூன்றாண்டுப் பட்டம் என்று அரசு திருப்பியது. ஆக, நம்மவர் முதல்வர் அறையில் இருந்த காலத்தில் பாடத்திட்டம் ஒருமுறை தலைகீழானது; வெளியே வந்த வருடம் இன்னொரு முறை. இரண்டு மாற்றத்துக்கும் சர்க்குலரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவரே. உள்ளே என்ன பாடம் இருந்தது என்று படிக்க நேரமிருக்கவில்லை.

மைசூருக்கு இந்தத் திரும்புதல் புதிதல்ல. 1909-ல் மகாராஜா கல்லூரியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த பி.எம். ஸ்ரீகண்டய்யா, 1926-ல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பதிவாளர் ஆனார். பதிவாளர் என்றால் தேர்வு, கட்டணம், புகார், ஆட்சிக்குழு என்று நாளெல்லாம் காகிதம். நான்கு ஆண்டு அதைச் செய்துவிட்டு 1930-ல் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கு ஆங்கிலப் பேராசிரியராகத் திரும்பினார். கன்னட உலகம் 'பி.எம்.ஸ்ரீ.' என்று அழைப்பது இவரைத்தான். ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடத்தில் பெயர்த்து அவர் வெளியிட்ட தொகுப்பிலிருந்துதான் நவீன கன்னடக் கவிதைக்குக் கணக்கு ஆரம்பிக்கிறார்கள். என்னைப்போல் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கர்வம் தரும் செய்தி. ஒரு மொழியின் புதுக்கவிதைக்கு மொழிபெயர்ப்பாளன் கால்கோள் இட்டான் என்று எத்தனை ஊரில் சொல்ல முடியும்?

கவனிக்க வேண்டியது அந்த நான்கு ஆண்டுகளைத்தான். கன்னடத்துக்கு எம்.ஏ. வகுப்பு மைசூரில் தொடங்கியது 1927-ல், இவர் பதிவாளராக இருந்தபோது. அதற்காக முன்நின்றவர்களில் இவரும் ஒருவர். சோஃபக்ளிஸின் கிரேக்க நாடகத்தை அசுவத்தாமன் கதையாக மாற்றிக் கன்னடத்தில் எழுதிய 'அஸ்வத்தாமன்' 1929-ல் வந்தது. அதாவது ஃபைல்களுக்கு நடுவிலும் கிரேக்க நாடகம் மேஜையில் திறந்தே கிடந்திருக்கிறது. 1930-ல் வகுப்புக்குள் நுழைந்த மனிதர் நான்கு வருடத்துக்கு முன் வெளியேறியவர் அல்ல, வெளியேறாமலே இருந்தவர்.

ஹெப்பாளுக்கு இன்னும் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டையும் தொடுகிறது. பி.ஜி.எல். சுவாமி, கன்னட அறிஞர் டி.வி. குண்டப்பாவின் மகன், தாவரவியலாளர். ஹார்வர்டில் இர்விங் பெய்லியிடம் ஆராய்ச்சி செய்தவர். ஆசிரியரின் பெயரை ஒரு தாவர இனத்துக்கே சூட்டியவர். 1950-களில் சென்னை மாநிலக் கல்லூரிக்குத் தாவரவியல் பேராசிரியராக வந்து, பின்னர் அதன் முதல்வரும் ஆனார். கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டிடத்தின் தலைமை நாற்காலி லேசானதல்ல.

அந்த அனுபவங்களையெல்லாம் கன்னடத்தில் நகைச்சுவையாக எழுதித் தள்ளினார். கல்லூரிக் கூத்துகளைப் பற்றி 'காலேஜு ரங்க', சென்னை வாழ்க்கையைப் பற்றி 'தமிழு தலெகள நடுவெ', அதாவது தமிழ்த் தலைகளின் நடுவே. நம் மொழிப் பெருமிதத்தை அவர் கிண்டல் செய்யும் இடங்களில் தமிழ் வாசகனுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு வந்தது. மொழிபெயர்க்கலாம் என்று இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். ஆனால் 1978-ல் அவருக்கு சாகித்ய அகாடமி விருது வாங்கித் தந்தது வேறு புத்தகம்: 'ஹசுரு ஹொன்னு', பச்சைப் பொன். மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைக்காடுகளில் செடி தேடிப் போன பயணங்களின் கதை. படங்களும் அவரே வரைந்தவை. நிர்வாகியாகவும் இருந்த மனிதரின் பேர்சொல்லும் புத்தகத்தில் நிர்வாகம் இல்லை. மாணவர்கள் இருக்கிறார்கள், செடிகள் இருக்கின்றன.

சென்னையை முடித்துக்கொண்டு சுவாமி வந்து சேர்ந்த இடம் மைசூர், மானசகங்கோத்ரி. ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர். குவெம்பு துணைவேந்தராக இருந்தபோது உருவாக்கிப் பெயர் வைத்த வளாகம் அது. அங்கே தாவரவியல் துறையில் வருகைப் பேராசிரியர். 1980 நவம்பர் 2-ல் மைசூரிலேயே இறந்தார்.

தமிழ்ப் பேராசிரியர்களில் இந்தப் பாதையில் நடந்தவர் க. கைலாசபதி. 1974 ஆகஸ்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர். 'தினகரன்' ஆசிரியராக இருந்துவிட்டுக் கல்வித் துறைக்கு வந்தவர். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ந்து சங்க வீரயுகக் கவிதை பற்றி எழுதிய நூல் 1968-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்திருந்தது. வெறும் கட்டிடங்களை வைத்துப் பல்கலைக்கழகம் கட்டும் வேலை மூன்றாண்டு. 1977-ல் ஆட்சி மாறிய சமயத்தில் அந்தப் பொறுப்பு சு. வித்தியானந்தனுக்குப் போனது. கைலாசபதி ஊரை விட்டுப் போகவில்லை. தான் தலைவராக இருந்த அதே வளாகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வேலை பார்த்தார். 1979-ல் 'சமூகவியலும் இலக்கியமும்' வந்தது. கலைப்பீடத் தலைமை என்ற நிர்வாகமும் கூடவே வந்தது என்பது வேறு விஷயம். 1982 டிசம்பரில், 49 வயதில் இறந்துபோனார். அந்தக் கடைசி ஐந்து ஆண்டில் தமிழுக்குக் கிடைத்ததை நினைத்தால், நாற்காலி கைமாறியது தமிழுக்கு நஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த மொழியியலாளர் இ. அண்ணாமலையும் பிறகு யேல், சிகாகோ பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கப் போனவர்தான். 1992-ல் முதல் பதிப்பு கண்ட க்ரியா தற்காலத் தமிழ் அகராதியின் பதிப்பாசிரியர் குழுத் தலைவர். ஒரு தேசிய நிறுவனத்தை நடத்தியவர் வெளிநாட்டு மாணவனுக்கு வேற்றுமை உருபு சொல்லிக்கொடுப்பதை அங்கே யாரும் இறக்கமாகப் பார்ப்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டீன் பதவி முடிந்தவர்கள் துறைக்குத் திரும்புவது சாதாரணம். பல இடங்களில் விட்ட பாடத்தைப் பிடிக்கச் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு.

இங்கே நடப்பது வேறு. நம்மவர் திரும்பிய முதல் வாரத்தில் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து போனார்கள். "என்ன சார், மேனேஜ்மென்ட்டோட ஏதாவது?" என்று காதருகே கேட்டவர் உண்டு. அவரிடம் படித்து, அவர் வேலைக்கு எடுத்த ஒருவர்தான் இப்போது முதல்வர். வராந்தாவில் பார்த்தால் அவர் ஒதுங்கி நிற்கிறார். இவரும் ஒதுங்கி நிற்கிறார். இருவரும் யார் முதலில் போவது என்று தெரியாமல் ஒரு கணம் அப்படியே நிற்கிறார்கள். பியூன் பழக்கத்தில் எழுந்து, பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். "கார் போனதைப் பத்திக் கவலையில்ல தம்பி, பஸ் இருக்கு. ஆனா இவர் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து படிக்கறாரு, அதுதான் பயமா இருக்கு" என்றார் அவர் மனைவி, காப்பி டம்ளரை வைத்தபடி.

அவரையே கேட்டேன், பத்து வருடத்தில் ஒரு வகுப்புகூடவா எடுக்கவில்லை? முதல்வர் வகுப்பு எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முதல் வருஷம் வாரத்துக்கு நாலு பீரியட் போட்டுக்கிட்டேன். ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி, ஒரு நாள் போராட்டம், ஒரு நாள் சம்பள பில். பாதி வகுப்பு போகல. பசங்க காத்திருந்துட்டுப் போனாங்க. அது தப்புன்னு ரெண்டாவது வருஷம் விட்டுட்டேன். நாலை ஒண்ணாக் குறைச்சிருக்கணும். சுத்தமா விட்டிருக்கக் கூடாது." பிறகு தானாகவே தொடர்ந்தார். "ஆபீஸ்ல எந்த ஃபைல் வந்தாலும் சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் எழுதியாகணும். சரியோ தப்போ, பதில் வேணும். பத்து வருஷத்துல 'தெரியலை'ன்னு சொல்லவே மறந்துபோச்சு. அந்தப் பொண்ணு கேட்டப்போ அதுதான் வாயில வரல."

எனக்குத் தெரிந்தவரை, நிர்வாகம் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. படிப்பு போனால் ஆறு மாதத்தில் திரும்பப் பிடிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு எழுந்தாவது பிடிக்கலாம். தெரியாததை நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்ளும் பழக்கம் போனால் கஷ்டம். பி.எம்.ஸ்ரீ.க்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது. கிரேக்க நாடகத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தினமும் ஒன்று தெரியாமல் போகும்.

ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. டைரக்டர் பதவி, கார், இப்போதைய சம்பளத்துக்கு மேல். பத்து வருட நிர்வாக அனுபவத்துக்குச் சந்தையில் விலை இருக்கிறது. இருபது வருட வகுப்பறை அனுபவத்துக்கு அவ்வளவு இல்லை. முதல் மாதம் வந்திருந்தால் ஓடியிருப்பேன் என்கிறார். இப்போது பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறார். மகன் போகச் சொல்கிறான். மனைவி எதுவும் சொல்லவில்லை.

மஞ்சள் நோட்ஸைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டார். திட்டக் கமிஷன் அத்தியாயத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். 1950-ல் ஏன் அதை ஏற்படுத்தினார்கள், 2014-ல் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று இரண்டையும் சேர்த்து ஒரு வகுப்பு எடுத்ததாகவும், அந்த மாணவி எழுந்து இன்னொரு கேள்வி கேட்டதாகவும் சொன்னார். மாநிலங்களுக்குப் பணம் பங்கிடும் வேலையில் கமிஷன் செய்துவந்த பகுதியை இப்போது யார் செய்கிறார்கள் என்பது கேள்வி.

"என்ன சொன்னீங்க சார்?"

"பாதிதான் தெரியும், மீதியை வியாழக்கிழமை சொல்றேன்னேன்."

நான் கிளம்பும்போது மணி ஒன்பதரை. நிதிக் குழு அறிக்கை ஒன்றை மேஜைமேல் பிரித்து வைத்திருந்தார். அன்று புதன்கிழமை.